வேலையைப் பிரிப்பதும் ஆட்களைப் பிரிப்பதும்

(பேரிகையில், கணினித் துறையில் வேலை பார்க்கிற, வேலைக்குப் போகவிருக்கிற நம் பகுதித் தோழர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு வழக்கு பெரும்பாலும் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)



இங்க உக்காந்திருக்கிறவங்கள்ல பாதிப் பேர் கம்பெனி பஸ் பிடிச்சு ஓசூருக்குப் போறவங்க. மீதிப் பேர் எல்லையைத் தாண்டி எலக்ட்ரானிக் சிட்டிக்கும் ஒயிட்ஃபீல்டுக்கும் போறவங்க. டிப்ளமாவோ பி.சி.ஏ.வோ முடிச்சுட்டு வேலைக்குக் காத்திருக்கிற தம்பி தங்கச்சிகளும் இருக்கீங்க. ரெண்டு மூணு பேர் இப்பத்தான் டீம் லீட் ஆகியிருக்காங்க. 'மைக்ரோ ஃபிரண்ட்எண்ட் கொண்டு வரணும்னு மேல சொல்றாங்க, அதையும் சொல்லுங்க, டீமை எப்படி நடத்துறதுன்னும் சொல்லுங்க'ன்னு கேட்டாங்க. அதுக்குத்தான் வந்திருக்கேன்.

இது வெறும் தொழில்நுட்பச் சங்கதியாச்சே, இதை இந்தப் பத்திரிகையில போட்டா யார் படிப்பாங்கன்னு ஒரு தோழர் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனா ஒரு நிரலை எப்படித் துண்டு போடுறோம் என்பதும், அதில் வேலை செய்கிற ஆட்களை எப்படித் துண்டு போடுறோம் என்பதும் ரெண்டு விஷயமில்லை, ஒண்ணுதான். ஆட்களைத் துண்டு போடுவதைப் பற்றி நமக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை.

1

முதல்ல அது என்னன்னு பார்த்துடுவோம். ஓசூர் – கிருஷ்ணகிரி ரோட்டுல நாம எல்லாரும் பார்த்த காட்சி ஒண்ணு உண்டு. வெறும் சேஸிஸ் போகும். கூரை கிடையாது, முன்கண்ணாடி கிடையாது, கதவு கிடையாது. ஒரு சீட்டைக் கட்டி வச்சு, தலையில துண்டைச் சுத்திக்கிட்டு, காத்திலயும் வெயில்லயும் ஒருத்தர் ஓட்டிக்கிட்டுப் போவார். அசோக் லேலண்ட் ஓசூரில் ஆலை தொடங்கியது 1980இல். அன்றிலிருந்து இந்தக் காட்சி நம்ம ரோட்டுக்குப் பழக்கம். பஸ்ஸுன்னா அந்த சேஸிஸ் கரூருக்குப் போகும். லாரின்னா நாமக்கல்லுக்கோ திருச்செங்கோட்டுக்கோ போகும். அங்கதான் பாடி கட்டுறாங்க.

சேஸிஸ் செய்கிறவருக்கு சீட்டுத் துணி என்ன நிறம் என்று தெரிய வேண்டியதில்லை. பாடி கட்டுகிறவருக்கு எஞ்சினுக்குள்ளே என்ன நடக்கிறது என்று தெரிய வேண்டியதில்லை. ரெண்டு பேருக்கும் நடுவுல ஒரு ஒப்பந்தம் இருக்கு. அகலம் எவ்வளவு, எடை எவ்வளவு தாங்கும், போல்ட் எங்க மாட்டலாம், எந்த இடத்தில துளை போடக் கூடாது, எங்க வெல்டு வைக்கக் கூடாது. பஸ் பாடிக்கென்று ஏ.ஐ.எஸ்.-052 என்று தேசிய அளவில் ஒரு விதித்தொகுப்பே இருக்கிறது. இந்த ஒப்பந்தம் சரியா இருக்கிற வரைக்கும் ஓசூர்க்காரனும் கரூர்க்காரனும் தினமும் போன்ல பேசிக்கிட்டு இருக்க வேண்டியதில்லை. அவனவன் வேலை அவனவன் வேகத்துல நடக்கும்.

இப்ப ஒரு பஸ் டிக்கெட் பதிவு பண்ணுற இணையதளத்தை எடுத்துக்குங்க. ஊர் தேடுகிற பகுதி, இருக்கை பார்க்கிற பகுதி, பணம் கட்டுகிற பகுதி, பயணத்தை ரத்து செய்கிற பகுதி. பழைய முறையில் இதெல்லாம் ஒரே நிரல்தொகுப்பு. அறுபது பேர் அதில் கை வைப்பாங்க. ரத்து செய்கிற பக்கத்தில் ஒரு பட்டனை மாத்தணும்னாலும் மொத்தத்தையும் சோதிச்சு மொத்தத்தையும்தான் வெளியிடணும். பணம் கட்டுற பக்கத்துல ஒருத்தர் தப்பு பண்ணினா ஐம்பத்தொன்பது பேர் வேலையும் நின்னுபோகும். சர்வர் பக்கத்தை மைக்ரோசர்வீஸ் என்று சின்னச் சின்னதாக உடைத்துவிட்டார்கள். 2014க்கு மேல் அந்தப் பேச்சுத்தான் எங்கும். ஆனால் ஜனங்கள் பார்க்கிற திரைப் பக்கம் மட்டும் ஒரே கட்டியாகக் கிடந்தது. அந்தத் திரைப் பக்கத்தையும் உடைத்து, ஒவ்வொரு துண்டையும் ஒரு குழு தனியாக எழுதி, தனியாகச் சோதித்து, தனியாக வெளியிடுவதற்குத்தான் மைக்ரோ ஃபிரண்ட்எண்ட் என்று பெயர். தாட்வொர்க்ஸ் என்கிற நிறுவனம் 2016 நவம்பரில் தன் தொழில்நுட்ப அறிக்கையில் இந்தப் பெயரைச் சேர்த்த பிறகு இது பரவலாயிற்று.

துண்டுகளை ஒட்டுகிற வழி பல இருக்கு. எளிமையானது, ஒவ்வொரு பகுதியையும் தனிப் பக்கமாக வைத்து இணைப்புக் கொடுத்து விடுவது. பலருக்கு இதுவே போதும். இரண்டாவது, சர்வரிலேயே துண்டுகளைச் சேர்த்து ஒரே பக்கமாக அனுப்புவது. மூன்றாவது ஐஃபிரேம். பக்கத்துக்குள்ளே இன்னொரு பக்கத்தைச் சன்னல் மாதிரி வைப்பது. பத்திரமானது, ஆனா கனமானது. நான்காவது, பிரவுசருக்குள்ளேயே ஒவ்வொரு குழுவின் ஜாவாஸ்கிரிப்டையும் தேவைப்படும்போது இறக்கிச் சேர்ப்பது. 2020 அக்டோபரில் வெளிவந்த வெப்பேக் 5இல் மாட்யூல் ஃபெடரேஷன் என்று ஒரு வசதி வந்தது. இந்த நான்காவது வழி லேசானதும் பல கம்பெனிகள் இதற்குள் இறங்கியதும் அதற்குப் பிறகுதான்.

இதுவரைக்கும் சொன்னது எந்தப் புத்தகத்திலும் கிடைக்கும். நாம பேச வேண்டியது இதற்குப் பிறகுதான் இருக்கு.

2

மெல்வின் கான்வே என்ற அமெரிக்கர் 1968 ஏப்ரலில் டேட்டாமேஷன் என்ற கணினிப் பத்திரிகையில் ஒரு கட்டுரை எழுதினார். அதற்கு முன்னால் ஹார்வர்டு பிசினஸ் ரிவ்யூவுக்கு அனுப்பினார். நிரூபணம் இல்லை என்று அவர்கள் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவர் சொன்னது இதுதான்: எந்த நிறுவனமும் தனக்குள்ளே யார் யாரோடு பேசுகிறார்களோ அந்த அச்சில்தான் தான் செய்கிற பொருளையும் செய்யும். மூன்று குழு இருந்தால் பொருளும் மூன்று துண்டாகத்தான் வரும். பேச்சுவார்த்தை இல்லாத ரெண்டு குழுக்களின் துண்டுகள் சேருகிற இடத்தில் ஓட்டை விழும். 1975இல் ஃபிரெட் புரூக்ஸ் தன் புத்தகத்தில் இதைக் கான்வே விதி என்று குறிப்பிட்டார். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

இதைப் புரிஞ்சுக்க நமக்குக் கணினி தேவையில்லை. ஊரும் சேரியும் போதும். எந்தத் தெரு எங்க முடியுது, கிணறு யார் பக்கம், பஸ் எங்க நிக்குது, சுடுகாட்டுக்கு எத்தனை பாதை – இதை ஒரு தாளில் வரைந்து காட்டினால், அந்த ஊரில் யார் யாரோடு பேசுவார்கள், யார் யாரைத் தொடமாட்டார்கள் என்று வெளியூர்க்காரன் சொல்லிவிடுவான். ஊரின் வடிவம் உறவின் வடிவம். கான்வே கணினிக்குச் சொன்னதும் இதையேதான்.

அதனால் மைக்ரோ ஃபிரண்ட்எண்ட் என்பது முதலில் ஆட்களைப் பற்றிய முடிவு. நிரலைப் பற்றிய முடிவு அதற்குப் பிறகுதான். குழுக்களை எப்படிப் பிரிக்கிறீர்கள் என்று முதலில் சொல்லுங்கள். திரை எப்படிப் பிரியும் என்று நான் சொல்லிவிடுகிறேன்.

3

பிரிப்பதில் இரண்டு வகை உண்டு. ஒன்று கிடைமட்டமாக வெட்டுவது. டிசைன் போடுகிறவர் ஒரு குழு. திரை எழுதுகிறவர் ஒரு குழு. சர்வர் எழுதுகிறவர் ஒரு குழு. சோதிக்கிறவர் ஒரு குழு. ராத்திரி ஷிப்டில் புகார் எடுக்கிறவர் ஒரு குழு. பார்த்தால் வேலைப் பிரிவினை மாதிரித்தான் இருக்கும். ஆனால் வரிசையை மறுபடி சொல்லிப் பாருங்கள். மேலே இருக்கிறவன் முடிவெடுப்பான், கீழே இருக்கிறவன் கழுவுவான். சோதனைப் பிரிவில் சேர்ந்தவன் அங்கேயே பத்து வருஷம். சப்போர்ட்டில் சேர்ந்தவனுக்கு நிரல் எழுதத் தெரியாது என்பது எழுதப்படாத தீர்ப்பு.

அம்பேத்கர் 1936இல் வாதிட்டது உங்களுக்குத் தெரியும். சாதிக்கு வக்காலத்து வாங்கியவர்கள் அது ஒரு வேலைப் பிரிவினை, எந்த நாகரிகச் சமுதாயத்திலும் உள்ளதுதானே என்றார்கள். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. அது உழைப்பவர்களையே பிரித்து, ஒருவர் மேல் ஒருவராக அடுக்கி வைத்திருக்கிறது என்றார். ஒரு கம்பெனியின் குழு அமைப்பைச் சோதிக்க இதைவிட நல்ல அளவுகோல் எனக்குத் தெரியவில்லை. இது வேலையைப் பிரிக்கிறதா, வேலை செய்கிறவனைப் பிரிக்கிறதா? இந்தக் குழுவிலிருந்து அந்தக் குழுவுக்கு ஒருத்தர் போக முடியுமா, முடியாதா?

இன்னொரு வகை செங்குத்தாக வெட்டுவது. பணம் கட்டுகிற பகுதி ஒரு குழுவுக்கு. திரையும் அவர்களே, சர்வரும் அவர்களே, தகவல் கிடங்கும் அவர்களே, சோதனையும் அவர்களே, வெளியிடுகிற பட்டனும் அவர்கள் கையிலே. ராத்திரி உடைந்தால் போன் வருவதும் அவர்களுக்கே. மைக்ரோ ஃபிரண்ட்எண்டின் உயிர் இதில்தான் இருக்கிறது. திரையை மட்டும் ஆறு துண்டாக வெட்டி, முடிவையும் வெளியீட்டையும் பழையபடி ஒரே இடத்தில் வைத்துக்கொண்டால் உங்களுக்குக் கிடைப்பது ஆறு மடங்கு தலைவலி. சுதந்திரம் கிடைக்காது.

செங்குத்தாக வெட்டினாலும் ஆபத்து போய்விடாது. எல்லாத் துண்டையும் தாங்குகிற சட்டகம் ஒன்று இருக்கும், ஷெல் என்பார்கள். நம்ம சேஸிஸ். அதை வைத்திருக்கிற குழு கொஞ்ச நாளில் தனி ஜாதியாகிவிடும். எதற்கும் அவர்களிடம் போய் நிற்க வேண்டி வரும். நான் வேலை பார்த்த ஒரு கம்பெனியில் 'கோர்' டீம் என்று ஒன்று, 'லெகஸி' டீம் என்று ஒன்று. புதுத் துண்டுகள் எல்லாம் முதல் குழுவுக்கு. எட்டு வருஷத்துப் பழைய பக்கங்கள் இரண்டாவது குழுவுக்கு. அந்த இரண்டாவது குழுவில் யார் யார் இருந்தார்கள்? டிப்ளமா படித்தவர்கள், தமிழ் மீடியத்தில் படித்தவர்கள், இங்கிலீஷ் தடுமாறுகிறவர்கள். யாரும் ஜாதி கேட்கவில்லை, சர்டிபிகேட் பார்க்கவில்லை. கேட்காமலே வடிகட்டியாயிற்று. மூணு வருஷம் கழித்து சம்பள உயர்வுப் பேச்சு வந்தது. அந்தக் குழுவில் இருந்த ஒரு பையனிடம், 'நீ புதுசா எதுவும் உருவாக்கலையே'ன்னு சொன்னாங்க. பழைய பக்கம் ஒரு நாள் கூட நிற்காமல் ஓடியது அவனால்தான். கணக்கில் அது வரவேயில்லை.

4

இதைக் கடைப்பிடித்தவர்கள் கதையையும் பார்க்கணும். ஜெர்மனியில் சலாண்டோ என்று துணி, செருப்பு விற்கிற இணையக் கடை இருக்கிறது. 2015, 16 வாக்கில் மொசைக் என்ற பெயரில் திரையைத் துண்டு துண்டாக்கினார்கள். துண்டுகளைச் சர்வரில் சேர்க்கிற டெய்லர் என்ற கருவியையும் வெளியுலகத்துக்குக் கொடுத்தார்கள். டெய்லர்னா நம்ம தையல்காரர்தான், பொருத்தமான பெயர். எந்தக் குழு எந்தத் தொழில்நுட்பத்தையும் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டார்கள். வேகம் கிடைத்தது. ஆனால் கொஞ்ச காலத்தில் ஒவ்வொரு பக்கமும் ஒவ்வொரு மாதிரி தெரிந்தது. மொத்தக் கடைக்கும் சின்னதாக ஒரு தோற்ற மாற்றம் செய்யணும்னாலும் பல குழுக்களின் கையைப் பிடிக்க வேண்டியதாயிற்று. பிறகு பொதுவான ஒரு சட்டகத்துக்குள், ஒரே தொழில்நுட்பத்தில், குழுக்கள் தங்கள் துண்டை எழுதுகிற முறைக்கு மாறினார்கள். 2021இல் இதை அவர்களே எழுதினார்கள்.

பாட்டுக் கேட்கிற ஸ்பாட்டிஃபை கதையும் இப்படித்தான். அவர்களுடைய பழைய கணினிச் செயலியில் ஒவ்வொரு பக்கமும் ஒரு ஐஃபிரேம். குழுக்கள் தனித்தனியாக ஓட அது உதவியது. ஆனா ஒரே மாதிரி நிரலை ஒவ்வொரு ஐஃபிரேமும் தன்னோடு சுமந்துகொண்டு வந்தது. 2021 மார்ச்சில் கணினிச் செயலியையும் இணையப் பதிப்பையும் ஒரே நிரல்தொகுப்பாக்கி வெளியிட்டார்கள்.

இதிலிருந்து துண்டாக்குவதே தப்பு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பேரிகைச் சந்தையில தமிழ் பேசலாம், தெலுங்கு பேசலாம், கன்னடம் பேசலாம். எடைக்கல் மட்டும் எல்லாருக்கும் ஒண்ணாத்தான் இருக்கணும். எழுத்து அளவு, நிறம், பட்டன், பிழைச் செய்தி, பார்வையற்றவர் கருவிக்கு வேண்டிய குறிப்புகள் – இவை எடைக்கல். இவற்றைப் பொதுவில் ஒரு இடத்தில் வைத்து எல்லாரும் எடுத்துக்கணும். ரியாக்ட் போன்ற பெரிய நூலகத்தை அஞ்சு குழு அஞ்சு பதிப்பில் வைத்துக்கொண்டால் அது அஞ்சு தடவை இறங்கும். ஒயிட்ஃபீல்டு ஆபீசில் அது தெரியாது. சூளகிரி பஸ்ஸில் நின்றுகொண்டு பழைய போனில் டிக்கெட் போடுகிற நம்ம அக்காவுக்குத் தெரியும். குழுக்களின் சுதந்திரத்துக்கு அவங்க டேட்டா காசு கட்டக் கூடாது.

5

இப்ப டீம் லீட் விஷயம். தலைமை என்பது பதவிப் பெயர் மட்டுமில்லை, அது என்னவெல்லாம் செய்யும் என்பதற்கு ஒரு வழக்கு இருக்கிறது. 2020 ஜூன் மாதம் கலிஃபோர்னியா மாநில அரசின் துறை ஒன்று சிஸ்கோ நிறுவனத்தின் மீது வழக்குப் போட்டது. அங்கே வேலை பார்த்த தலித் பொறியாளர் ஒருவரின் சாதியை, இந்தியாவிலிருந்து போன மேலதிகாரி மற்றவர்களிடம் சொன்னார், இவர் புகார் செய்த பிறகு பொறுப்புகளைக் குறைத்து, குழுவிலிருந்து ஒதுக்கி வைத்தார்கள் என்பது குற்றச்சாட்டு. நிறுவனம் மறுத்தது. 2023 ஏப்ரலில் மேலாளர்கள் இருவர் மீதான வழக்கை அந்தத் துறை விலக்கிக்கொண்டது. நிறுவனத்தின் மீதான வழக்கைத் தொடர்ந்தது. அதே வருஷம் பிப்ரவரியில் சியாட்டில் நகர மன்றம் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்தது. கலிஃபோர்னியா சட்டமன்றம் நிறைவேற்றிய அதுபோன்ற மசோதாவை அக்டோபரில் ஆளுநர் கையெழுத்திடாமல் திருப்பி அனுப்பினார்.

வழக்கின் நியாயத்தை நீதிமன்றம் சொல்லட்டும். நாம கவனிக்க வேண்டியது குற்றச்சாட்டின் வடிவம். யாரும் யாரையும் அடிக்கவில்லை. பொறுப்பைக் குறைப்பது, தனியாளாக உட்கார வைப்பது, பேச்சிலிருந்து நீக்குவது. ஒரு டீம் லீட் கையில் இருக்கிற சாதாரண ஆயுதங்கள் இவை. கான்வே விதியைத் தலைகீழாகப் படித்தால் இதன் அர்த்தம் புரியும். பேச்சுத் தொடர்பை அறுத்தால் போதும், அந்த ஆளின் வேலை தானாக ஓரத்துக்குப் போய்விடும். அப்புறம் 'இவர் வேலை முக்கியமானதில்லை'ன்னு எழுதிடலாம்.

அப்ப நம்ம ஆள் ஒருத்தர் லீட் ஆனா என்ன செய்யணும்? எனக்குத் தெரிந்ததைச் சொல்றேன்.

எல்லைக் கோடு போடும்போது எல்லாரையும் உட்கார வையுங்கள். சோதனைக்காரரையும், ராத்திரி போன் எடுக்கிறவரையும் சேர்த்து. எந்தத் துண்டு அடிக்கடி உடையும் என்று அவர்களுக்குத்தான் தெரியும்.

முடிவுகளை எழுதி வையுங்கள். மைக்கேல் நைகார்ட் என்பவர் 2011இல் இதற்கு ஒரு எளிய முறை சொன்னார். என்ன நிலைமை, என்ன முடிவு, அதனால் என்ன விளைவு, ஒண்ணு ரெண்டு பக்கத்தில் எழுதி நிரலோடு வைத்துவிடு என்றார். இது நமக்கு ரொம்ப முக்கியம். முடிவுகள் பல இடங்களில் சாப்பாட்டு மேஜையில், டீ குடிக்கிற இடத்தில் நடக்கின்றன. அந்த மேஜையில் யாருக்கு இடம் உண்டு, என்ன சாப்பாடு, என்ன பாஷை என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். எழுதி வைத்தால் மேஜையில் இல்லாதவனும் படிக்கலாம், மறுத்து எழுதலாம்.

அழுக்கு வேலையைச் சுழற்சியில் விடுங்கள். பழைய நிரல், ராத்திரிப் போன், ஆவணம் எழுதுவது, ஷெல்லைப் பராமரிப்பது எல்லாமே முறை வைத்து மாறணும். லீட் பெயரும் அந்தப் பட்டியலில் இருக்கணும். ஒருத்தரே நிரந்தரமாகக் கழுவக் கூடாது, ஒருத்தரே நிரந்தரமாகப் பூசாரியாகவும் இருக்கக் கூடாது.

நிரலைச் சரிபார்க்கும்போது இடைவெளி, புள்ளி, பெயர் வைப்பது போன்றவற்றை இயந்திரத்திடம் விட்டுவிடுங்கள். இயந்திரம் ஆள் பார்த்துக் குறை சொல்லாது. மிச்சத்தை மனுஷங்க பேசட்டும். புதுசா வந்த பையன் எழுதினா நாற்பது குறை, பெரிய காலேஜ்காரர் எழுதினா 'நல்லா இருக்கு' – இது நடக்குதான்னு மாசம் ஒரு தடவை நீங்களே புரட்டிப் பாருங்க.

பராமரிப்பைக் கணக்கில் எழுதுங்கள். நிற்காமல் ஓடியது என்பதும் ஒரு சாதனைதான்.

6

கடைசியா, எப்ப இது வேண்டாம் என்பதையும் சொல்லிடணும். ஏழெட்டுப் பேர் இருக்கிற குழுவுக்கு மைக்ரோ ஃபிரண்ட்எண்ட் தேவையில்லை. ஒரே நிரல்தொகுப்பை ஒழுங்காகப் பகுதி பிரித்து வைத்தாலே போதும். வேலை தாமதம் ஆகுது, இன்னும் ஆட்களைச் சேர்த்துத் துண்டு போட்டா சரியாகிடும்னு நினைக்கிறதும் ஆகாது. தாமதமான வேலைக்கு ஆளைக் கூட்டினால் இன்னும் தாமதமாகும் என்று அதே புரூக்ஸ் 1975லேயே எச்சரித்தார்.

பெரிய நிரலை வைத்திருக்கிறவர்களும் ஒரே ராத்திரியில் உடைக்கக் கூடாது. பனைமரத்து உச்சியில பறவை எச்சத்துல ஆலம்விதை விழுந்து, விழுது கீழே இறங்கி, கடைசியில பனை உள்ளே மறைஞ்சு ஆல் நிற்கும். பார்த்திருப்பீங்க. ஆஸ்திரேலியாவில் இதுபோன்ற அத்தி மரங்களைப் பார்த்துவிட்டு மார்ட்டின் ஃபௌலர் 2004இல் இந்த முறைக்கு அந்த மரத்தின் பெயரையே வைத்தார். ஒரு பக்கத்தை எடு, வெளியே எழுது, பழசை அங்கே அணை, அடுத்த பக்கத்துக்குப் போ. பழைய பக்கத்தை வைத்திருந்தவர்களையே புதுத் துண்டை எழுத அழை. அந்தப் பக்கத்தின் வலி அவர்களுக்குத்தான் தெரியும். பழசோடு சேர்த்து அவர்களையும் பட்டுப்போக விடுவதுதான் இப்ப பல இடத்திலும் நடக்குது.

திங்கட்கிழமை நீங்க ஆபீசுக்குப் போனதும் ஒரு தாளை எடுத்து உங்க குழுக்களை வரைங்க. எந்தக் குழு எந்தத் துண்டை வைத்திருக்கு, வெளியிடுற பட்டன் யார் கையில, ராத்திரிப் போன் யாருக்கு, கடைசி ஒரு வருஷத்தில எந்தக் குழுவிலிருந்து எந்தக் குழுவுக்கு ஆள் போயிருக்காங்க என்று குறிங்க. எங்கே அம்புக்குறி ஒன்றுகூட இல்லையோ அங்கே விரல் வையுங்க. உங்க முதல் கூட்டத்துல பேச வேண்டிய விஷயம் அதுதான். அந்தத் தாளோட அடுத்த தடவை வாங்க, உக்காந்து பேசுவோம்.